ஸெய்னுதீனின் தலை அளவு

மூதூர்ச் சந்தியில் தொப்பி விற்கும் கடைகள் ஆறு. ஆறிலும் ஸெய்னுதீனின் தலைக்குத் தொப்பி இல்லை. கலியாணம் முடித்த முதல் நோன்பு மாதத்திலேயே பரீனாவுக்கு இது தெரிந்துவிட்டது. கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதைத் தேடி எடுத்துக் கொடுப்பார். அது ஸெய்னுதீனின் உச்சியில் சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி நிற்கும். தொழுகையில் குனிந்தால் முன்வரிசைக்காரரின் காலடியில் போய் விழும். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லிவைத்தவர்கள் ஸெய்னுதீனைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள் போல. அந்த மனிதருக்கு உயரம் அளவு, உடம்பு அளவு, கோபம்கூட அளவுதான். தலை மட்டும் அளவு மீறிவிட்டது.

பரீனா தொப்பி பின்னத் தொடங்கியது அதனால்தான். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை. யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்து கந்தளாயில் கிடந்தபோது, பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி கொக்கி ஊசியால் மேசை விரிப்புப் பின்னுவாள். சும்மா இருந்து பார்த்தே பரீனா பழகிக்கொண்டாள். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் புருசனுக்கு வெள்ளை நூலில் ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனார். அடுத்த வாரம் நாலு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள்.

ஸெய்னுதீனுக்கு இறங்குதுறையில் வேலை. படகு எஞ்சின் திருத்துவார். யாராவது தொப்பி கேட்டால் சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, கேட்டவரின் தலையைச் சுற்றிப் பிடித்து, முட்டுகிற இடத்தில் முடிச்சுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். பரீனா அதில் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, குசினிக் கதவருகே இருக்கும் ஆணியில் கொழுவுவாள். வருடக்கணக்கில் மூதூர் ஆண்களில் பாதிப்பேரின் தலை அந்த ஆணிக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட அதிபரின் தலையும் ஐஸ் வியாபாரியின் தலையும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். ஸெய்னுதீனின் நூல் மட்டும் அங்கே கிடையாது. வீட்டிலேயே இருக்கிற தலைக்கு நூல் எதற்கு?

அவருக்குப் பின்னும்போது அவள் அளவே பார்ப்பதில்லை. உச்சியில் சின்ன வளையமாகத் தொடங்கி, வட்டத்தை விரித்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் விரிப்பதை நிறுத்திக் கீழே இறக்குகிறோம் என்பதில்தான் தொப்பியின் அளவு இருக்கிறது. அவருடைய தொப்பிக்கு விரல் தானாக நிற்கும். வாய் அந்த நேரம் வேறு வேலையில் இருக்கும். புருசனை ஏசாமல் அவளுக்குப் பின்ன வராது. கிறீஸ் கையோடு அலுமாரியைத் தொட்டது, தேத்தண்ணிக் கோப்பையை மதிலில் மறந்து வைத்தது, சொன்ன சாமானை விட்டுவிட்டுச் சொல்லாததை வாங்கி வந்தது எல்லாம் அப்போதுதான் விசாரணைக்கு வரும். அவர் எதிரே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, "ஓம் புள்ள, ஓம்" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதுதான் சத்தம்.

பின்னி முடித்ததும் போட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான்.

"கொஞ்சம் இறுக்கம், புள்ள."

"இறுக்கமெண்டா தலையைக் கொஞ்சம் சீவிட்டு வாங்க."

புது நூல் அப்படித்தான். ஒரு வெள்ளி போட்டால் இளகும். அடுத்த வெள்ளிக்குக் கச்சிதமாக உட்காரும். இது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவர் ஒரு தொப்பியையும் கையேற்றதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னர், கைவேலைப் பொருட்கள் விற்கிற ஓர் இணையத்தளத்தில் அவளுக்குக் கடை திறந்து கொடுத்ததும் அவர்தான். படம் எடுக்கத் தலை வேண்டுமே. அவர் வளவு மதிலில் ஏறி, கொட்டியாரக் குடாவைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகைக் காட்டி இருப்பார். முகத்தைப் படம் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. கலியாணத்திலேயே கையால் மறைத்தவர். பரீனா பின்னாலிருந்து போனில் எடுப்பாள். முப்பத்தெட்டுத் தொப்பி, முப்பத்தெட்டுப் படம். எல்லாவற்றிலும் ஒரே பிடரி, ஒரே கடல். இணையத்தில் மாதத்துக்கு ஒரு தொப்பி போனால் பெரிது; அதற்கும் அளவு கேட்டு நூலில் முடிச்சுப் போட்டுத் தருவது அவர்தான். வீட்டை நடத்தியது அவர் சட்டைப் பையில் வந்த நூல்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இறங்குதுறையில் எஞ்சினுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை.

பரீனா வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் துக்கம் காத்து வீட்டுக்குள்ளேயே. முதல் வாரம் வீடு கொள்ளாத சனம். இரண்டாம் வாரம் அயலவர் மட்டும் வந்தார்கள். ஒரு மாதம் போனதும் ஸெய்னுதீனின் தங்கை பஸ்மியா மட்டும்தான். அவளும் பின்னேரம் கறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்க்க ஓட வேண்டியவள். யாரையும் குறை சொல்ல ஏலாது. அவரவர்க்கு அடுப்பு இருக்கிறது.

மவுத்தானவரின் உடுப்பை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். பஸ்மியா பொறுப்பாக நின்று அந்த முதல் வாரத்திலேயே சாரங்களையும் சட்டைகளையும் கொடுத்து முடித்தாள். அவருக்கென்று இருந்த தொப்பி ஏழும் அதோடு போய்விட்டன. அழுது களைத்துக் கிடந்த பரீனாவுக்கு அது கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஊசியை அவள் மறுபடி எடுத்தது பொழுது போகாமல்தான். ஆனால் பின்னியதை விற்பது யார்? பையில் நூலோடு ஊர் சுற்ற ஆள் இல்லை. அவளோ வாசற்படி தாண்டக்கூடாதவள். பஸ்மியா எங்கேயோ கேட்டு, பெண்களுக்கு இணையத்தில் விற்கப் பழக்குகிற வாட்ஸ்அப் வகுப்பு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டாள். படிப்பித்தவள் சுதர்ஷிகா என்று திருகோணமலை டவுன் பிள்ளை. பரீனா அவளைக் கண்டதே இல்லை. தினமும் ஒரு குரல் பதிவு வரும்.

"அக்காமார், கடையை மட்டும் திறந்து வச்சா ஒருத்தரும் வரமாட்டினம். சனம் எங்க நிக்குதோ அங்க கொண்டுபோய்க் காட்டோணும். பேஸ்புக்கில ஒரு பக்கம் திறந்து, கடையை அதோட இணைச்சு விடுங்கோ. மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்."

வீட்டில் கேட்கிற ஒரே மனிதக் குரல் என்பதால் பரீனா அதை மூன்று நாலு தடவை கேட்பாள். அப்படிக் கேட்டுத்தான் இணைக்கவும் செய்தாள். ஒரு வியாழன் பின்னேரம் பக்கம் திறந்து, கடையின் பெயரைப் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் ஓம் என்று அமத்தினாள். கடைசிக் கேள்வி, எல்லாப் பொருட்களையும் பகிரவா என்பது. அவள் நினைத்தது சந்தியில் ஒரு போர்டு வைப்பதைப் போல என்று. போர்டு வைத்தால் வேண்டியவன் பார்த்துவிட்டு வருவான். இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஓம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிகாலைச் சுபஹிலிருந்து அரை மணிக்கு ஒன்றாகக் கடையின் படங்கள் பேஸ்புக்கில் போகத் தொடங்கின. "புதிய வரவு" என்ற தலைப்போடு, மதிலில் இருக்கிற ஸெய்னுதீன். அரை மணி கழித்து வேறு தொப்பியோடு மறுபடி ஸெய்னுதீன். ஜும்மாவுக்குச் சனம் கூடுகிற நேரத்தில் பதினைந்து ஸெய்னுதீன்கள் ஊரின் போன்களில் வந்து இருந்துவிட்டார்கள். முகம் காட்டாத மனிதனை ஊர் பிடரியை வைத்தே அடையாளம் கண்டது. கீழே எழுதியும் விட்டது. "இது எங்கட ஸெய்னுதீன் நானாவெல்லோ?" "யா அல்லாஹ், அந்த மதில்." "மவுத்தாகி ரெண்டு மாசம், புதிய வரவாம்." சிலர் அழுகிற முகம் போட்டார்கள். சிலர் விலை கேட்டார்கள். இறங்குதுறை ஆட்கள் தங்களுக்குள் பகிர, அது கட்டாருக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

பரீனாவுக்கு இது எதுவும் தெரியாது. போன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்ததால் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஓதிக்கொண்டிருந்தாள். பின்னேரம் பஸ்மியா கறிச்சட்டி இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மதினி, என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீங்க? நானாவைக் கொண்டுபோய்ச் சந்தியில வச்சு விக்கிறீங்களா?"

"நான் கடையை இணைச்சனான். அவ்வளவுதான்."

"ஒவ்வொரு அரைமணிக்கும் வாறார், மதினி. நான் மீன் கழுவுறன், வாறார். புள்ளைக்குச் சோறு குடுக்கிறன், வாறார். அவர் திரும்பிப் பாக்கவும் மாட்டேங்கிறார்." பஸ்மியா வாசலிலேயே குந்தியிருந்து அழுதாள். "ஊர் கதைக்குது. அதை விடுங்க, ஊர் எதுக்குத்தான் கதைக்காது. எனக்கு ஏலாது. எடுத்துப் போடுங்க."

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பரீனாவுக்கும் தெரியும். பஸ்மியா அழுததுதான் அவளைச் சுட்டது. இத்தா முடிவதற்குள் எல்லாப் படத்தையும் மாற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

வாக்குக் கொடுப்பது சுலபம். தலைக்கு எங்கே போவது? குடத்தைக் கவிழ்த்துத் தொப்பியைப் போட்டாள். குடம் தொழப்போகிற மாதிரி இருந்தது. தேங்காயில் போட்டால் அதற்கு மூன்று கண் தெரிந்தது. கடைசியில் தலையணையைச் சுருட்டிக் கட்டி ஒரு மாதிரிச் சமாளித்தாள். நாளுக்கு ஒன்று, இரண்டு என்று படத்தை மாற்றினாள். ஒவ்வொன்றையும் நீக்கும்போது, நிச்சயமாகவா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு அவளுக்குக் கோபம் வரும். நிச்சயமாக இருந்தால் ஏன் ஒரு மணித்தியாலம் விரலைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாள்?

ஒரு பக்கம் இப்படிப் படம் குறைய, மறுபக்கம் ஓடர் வந்தது. முதல் வாரத்திலேயே பதினொன்று. பேசுவதில்லை, எழுத்துக்கு எழுத்து மட்டும் பதில் என்று வைத்துக்கொண்டாள். ஆண்கள் எழுதினாலும் தேவைக்கு எழுதுவதில் குற்றமில்லை என்று மௌலவியின் மனைவி சொல்லி அனுப்பியிருந்தார். பின்னிக் கொடுத்ததைப் பஸ்மியா தபால் கந்தோரில் சேர்த்துவிடுவாள். பரீனாவுக்கு உள்ளுக்குள் ஒரு தெம்புகூட வந்தது.

பிறகு பதில்கள் வந்தன. புத்தளத்தில் ஓர் ஆசிரியர், றுவைஸ் என்று பெயர், எழுதினார்: "தொப்பி அழகு. ஆனா குனிஞ்சா கண்ணை மூடுது." அக்குறணையிலிருந்து ஒருவர், இதற்குள் தானும் மகனும் சேர்ந்து போகலாம் என்று எழுதினார். கட்டாரிலிருந்து வந்தது இன்னும் மரியாதையானது: "தங்கச்சி, இது என்ன அளவு?"

முதலில் அவளுக்குச் சினம்தான் வந்தது. மனிதருக்குத் தலை என்று ஒன்று ஒழுங்காக இருக்க வேண்டாமா? மூன்றாவது ஆளுடையதை வாசித்துக்கொண்டிருக்கும்போது கை மடியில் இருந்த பாதித் தொப்பியைத் தடவியது. தடவிய கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வட்டம் அவளுக்குத் தெரியும். ஆணியிலிருந்து நூல் எடுக்காமல், யார் தலை என்று தெரியாமல், விரலை அதன் போக்கில் விட்டிருந்தாள். விரல் அதற்குத் தெரிந்த இடத்தில் போய் நின்றிருக்கிறது. பதினொரு பேருக்கும் அவள் ஸெய்னுதீனுக்குத்தான் பின்னி அனுப்பியிருக்கிறாள். அன்று அவள் கறியைச் சூடாக்கவில்லை. பசிக்கவும் இல்லை.

சுதர்ஷிகாவிடம் எழுதிக் கேட்டாள். பதில் குரலில் வந்தது.

"அக்கா, கடையில அளவு போடுற பெட்டியை நீங்கள் நிரப்பவேயில்லை. அதுதான் பிழை. இருபத்தொண்டு, இருபத்திரண்டு, இருபத்திமூண்டு இஞ்சி எண்டு மூண்டு அளவு போடுங்கோ. தையல்காரர் வச்சிருக்கிற அளவு நாடா ஒண்டு வாங்குங்கோ. அளந்து அளந்து பின்னுங்கோ. பிறகு ஒருத்தரும் குறை சொல்லாயினம்."

சரியான புத்திமதிதான். பஸ்மியா மஞ்சள் நாடா ஒன்று வாங்கி வந்தாள். ஐந்து சுற்றுக்கு ஒரு தடவை நாடாவை வைத்து, அங்குல எண்ணைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு பின்னினாள். பெரும்பாலானவர்கள் கேட்டது இருபத்திரண்டு. குறை நின்றது. நல்ல வார்த்தைகள் வந்தன, நட்சத்திரங்கள் வந்தன. பணம் பஸ்மியாவின் கணக்குக்கு வந்து பரீனாவின் கையில் சேர்ந்தது. எதிரே பிளாஸ்டிக் கதிரை அந்த இடத்திலேயே இருந்தது. வீட்டில் ஊசி நூலை இழுக்கிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. சில நாட்களில் பின்னேரம் அஸர் பாங்கு கேட்கும்போதுதான், இன்றைக்கு இன்னும் வாய் திறக்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வரும்.

இத்தா முடிய இரண்டு வாரம் இருந்தது. கடையில் ஒரு படம்தான் மிச்சம். வெள்ளையில் நீலக் கரை வைத்த தொப்பி, கடைசியாக எடுத்தது. அன்று பின்னேரம் அவர் மதிலில் இருந்தபோது தூரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் ஒன்று நின்றது. அது போகட்டும், பிறகு எடு என்றார். அவள் பொறுக்காமல் எடுத்துவிட்டாள். கப்பலும் விழுந்திருந்தது. அந்தப் படத்தை நீக்க மட்டும் விரல் போகவில்லை.

அந்தப் படத்துக்குத்தான் செய்தி வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் இறக்கக்கண்டி பக்கீர். கடல் தொழில். எனக்குக் கடையில ஒரு தொப்பியும் கொள்ளாது. உங்கட படத்தில இருக்கிற மனிசனுக்கும் என்னைப் போல பெரிய தலை. அவருக்குப் பின்னின அளவில எனக்கும் ஒண்டு வேணும். அவரிட தலை எத்தின இஞ்சி?"

மூதூர்ச் செய்தி இறக்கக்கண்டிக்குப் போயிருக்கவில்லை. பக்கீருக்கு அது உயிரோடு இருக்கிற ஒரு மனிதரின் தலை.

பரீனா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். எத்தினை இஞ்சி? இருபது வருடம் சேர்ந்திருந்த மனிதர். காய்ச்சலில் அந்தத் தலைக்கு ஈரத்துணி போட்டிருக்கிறாள், எண்ணெய் வைத்திருக்கிறாள், பிடரியில் வலப்பக்கம் சின்ன மேடு இருப்பது உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எத்தினை இஞ்சி என்று தெரியாது. ஆணியைப் போய்ப் பார்த்தாள். மூதூரே தொங்கியது, அவர் இல்லை.

உங்கள் தலையை நாடாவால் அளந்து அனுப்புங்கள் என்று பதில் எழுதியிருக்கலாம். மற்றவர்களுக்கு அப்படித்தான் எழுதினாள். ஆனால் இந்த மனிதர் கேட்டது அவருடைய அளவை. அதைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பின்னித் தருகிறேன் என்று மட்டும் எழுதினாள்.

நாடாவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஊசியை எடுத்தாள். வளையம், சுற்று, சுற்று. விரல் நின்றது. கையை விரித்து வைத்துப் பார்த்தாள். நாடாவை எடுத்து வந்து வைத்தாள். சொல்லி வைத்த மாதிரி இருபத்திரண்டின் வட்டம்.

பிரித்தாள். மறுபடி பின்னினாள். மறுபடியும் அதுதான்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது, உண்மையான பயம். சாரம் போய்விட்டது. தொப்பி போய்விட்டது. முகம் தெரிகிற படம் என்று அடையாள அட்டையில் தபால் முத்திரை அளவில் ஒன்றுதான். மிச்சம் இருந்தது அவருடைய அளவு ஒன்று. அது அவள் விரலில் இருந்தது. ஊருக்கெல்லாம் இருபத்திரண்டு பின்னிப் பின்னி, யாரும் கேட்காமலே அதையும் கழுவி விட்டிருக்கிறாள். மய்யித்தைக் கொண்டுபோன நாளில் அழுததைவிட அன்று அதிகமாக அழுதாள். பக்கத்தில் பெண்கள் யாரும் இல்லை, பொறு பொறு என்று சொல்ல.

மறுநாள் பின்னேரம் பஸ்மியா வந்தபோது பரீனா கேட்டாள்.

"மதினி, அவரிட தொப்பி ஏழும் ஆருக்குக் குடுத்தீங்க?"

"பள்ளியில குடுத்தனான். ஆர் எடுத்தாங்களோ. ஏன், குடுத்த சதக்காவைத் திருப்பிக் கேக்கப் போறீங்களா?"

"இல்ல. சும்மா."

பஸ்மியா அவள் முகத்தைப் பார்த்தாள். மடியில் பிரித்துப் போட்ட நூல் குவியலையும் பார்த்தாள். என்ன விளங்கியதோ, கறியை மூடி வைத்துவிட்டுப் போகும்போது, நீக்காமல் விட்ட அந்தக் கடைசிப் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் முறை பின்னியதும் பிழையாகவே வந்தது. நாலாம் நாள் காலை பரீனா கதிரையைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போனாள். மதிலுக்குக் கிட்ட வைத்தாள். தான் வழக்கம்போலப் பாயை விரித்து எதிரே இருந்தாள். ஊசியை எடுத்தால் கை வெறுமனே கிடந்தது. அப்போது கண்ணில் பட்டது மதில் மேல் கறுத்த ஒரு வட்டம். தேத்தண்ணிக் கோப்பையை வைத்து வைத்து அவர் பதித்த கறை.

"இதைப் பாத்தீங்களா?" என்றாள்.

தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. பயமாகவும் இருந்தது. ஆனால் திறந்த வாய் மூடவில்லை.

"எத்தினை தரம் சொன்னனான், கோப்பையை உள்ளுக்குக் கொண்டந்து வைங்க எண்டு. கேட்டீங்களா? சொன்னா ஓம் புள்ள, ஓம் புள்ள. ஓமெண்டவருக்கு ஒரு வேலை செய்ய ஏலாது. அலுமாரிக் கதவில இப்பவும் உங்கட கை பதிஞ்ச கிறீஸ் இருக்கு, நான் தேய்க்கவா, விடவா? கப்பல் போகட்டும் எண்டீங்க. கப்பல் எங்க போகுது? நீங்கதான் போனீங்க. சொல்லிட்டுப் போறதுக்கு என்ன? காலையில புட்டுத் திண்டவர், பின்னேரம் என்ன வேணும் எண்டு கேட்டவர்..."

அவள் ஏசிக்கொண்டே இருந்தாள். இருபது வருடத்துக் குற்றங்களையும், புதிதாகச் செய்த அந்தப் பெரிய குற்றத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். மூக்கை முன்றானையில் துடைத்தாள். மறுபடி தொடங்கினாள். எப்போது வட்டம் முடிந்தது, எப்போது இறக்கத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மதியம் லுஹர் பாங்கு கேட்டபோது மடியில் முழுத் தொப்பி கிடந்தது, நீலக் கரையும் வைத்து.

அதை நாடாவால் அளக்கவில்லை. ஒரு நூலை எடுத்து உள் விளிம்பைச் சுற்றிப் பிடித்து, முட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டாள். ஆணி வரை கொண்டு போனாள். கொழுவ மனம் துணியவில்லை. இது அவருடைய அளவுதானா? போட்டுப் பார்க்கத் தலை இல்லை. இருபத்திமூன்றாகவும் இருக்கலாம், இருபத்தைந்தாகவும் இருக்கலாம். பொய்யான நூலைக் கொழுவி அதை அவர் என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பது மேல். நூலைச் சுருட்டி ஊசி டப்பாவுக்குள் போட்டாள். தொப்பி பஸ்மியாவின் கையில் தபாலுக்குப் போனது.

அடுத்த கிழமை இத்தா முடிந்தது. குளித்து, நிறச் சீலை உடுத்தாள். பஸ்மியாவும் அயல் பெண்களும் வந்து கட்டிப்பிடித்து அழுது, சாப்பிட்டு, துஆக் கேட்டுப் போனார்கள். போன பிறகு வீடு முன்பிருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இனி எங்கேயும் போகலாம். மறுநாள் இரண்டு பார்சலை எடுத்துக்கொண்டு தானே தபால் கந்தோருக்குப் போனாள். இறங்குதுறைப் பக்கம் போகாமல் சுற்றுப்பாதையால் போய், சுற்றுப்பாதையாலேயே வந்தாள். வழியில் பள்ளிக்கூட அதிபர் எதிர்ப்பட்டு, தலையைக் குனிந்து சலாம் சொன்னார். அவள் கண் அவர் தொப்பிக்குத்தான் போனது. இருபத்தொன்றரை என்று மனம் சொல்லிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரம் பக்கீரின் செய்தி வந்தது. பரீனா குசினியில் நின்றபடி திறந்தாள்.

"தொப்பி கிடைச்சுது. இண்டைக்குப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனனான். நல்ல வேலைப்பாடு. குறையெண்டு சொல்லேல்ல, ஆனா கொஞ்சம் இறுக்கம்."

அவள் இரண்டாம் தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் எழுத்துத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. வாயிலிருந்து சிரிப்பா அழுகையா என்று சொல்ல ஏலாத ஒரு சத்தம் வந்தது. பக்கீரின் தலை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கலாமே என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். அவர்களுக்கு யாரும் வெள்ளிக்கு வெள்ளி அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள்.

"புது நூல் அப்படித்தான். அடுத்த வெள்ளிக்குச் சரியாகும். படத்தில இருக்கிறவரும் முதல் நாள் இதைத்தான் சொல்லுவார்."

பிறகு ஊசி டப்பாவைத் திறந்து அந்த நூலை எடுத்தாள். மற்றவற்றையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆணியில் முன்னுக்குக் கொழுவினாள். சீட்டும் பேனையும் பக்கத்தில்தான் கிடந்தன. அவள் எடுக்கவில்லை. அந்த ஆணியில் பெயர் எழுதாத நூல் அது ஒன்றுதான்.